இரண்டாவது மைக்

பாட்டுத் தேர்ந்தெடுத்துக் கொடுக்க எனக்கென்ன தகுதி என்று கேட்டால், முப்பது வருடம் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தேன், அவ்வளவுதான். தலத்தெருவில் ஒரு மாடி ஹாலில் சனிக்கிழமை சாயங்காலம் பத்துப் பேர் கூடி கரோக்கி பாடுவோம். அறுபத்தைந்துக்குக் கீழே யாரும் கிடையாது. முக்கால்வாசிப் பேருக்குப் பேரப்பிள்ளைகள் வெளிநாட்டில். இங்கிலீஷில் பாடினால் அதுகள் காது கொடுக்கும் என்று எல்லோருக்கும் ஒரு ஆசை. அந்தப் பாட்டுகளைத் தேடிப் பிடிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. விழுந்தது என்ன, நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

அதில் நான் கெட்டிக்காரன்தான். வயதானவர்களுக்குப் பாட்டு உற்சாகமாக இருக்க வேண்டும், ஆனால் ஓட்டமாக இருக்கக் கூடாது. வரி சின்னதாக வேண்டும், நடுவே மூச்சு வாங்க இடம் வேண்டும். பல்லவி திரும்பத் திரும்ப வந்தால், வழியில் தொலைந்தாலும் அங்கே வந்து பிடித்துக்கொள்ளலாம். குரல் எட்டாத இடம் வந்தால் மெஷினில் சுருதியை இரண்டு கட்டை இறக்கிவிடுவேன். இவ்வளவும் தெரிந்துதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை.

எங்களில் ஒருவர் சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை, பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். அவருக்கு எழுபத்தெட்டு வயது. பிரெஞ்சு தண்ணீர் பட்ட பாடு, இங்கிலீஷ்தான் தடவல். மகள் பாரிஸிலிருந்து லண்டனுக்குக் குடிபோய்விட, அங்கே பிறந்த இரண்டு பிள்ளைகளுக்கும் இங்கிலீஷைத் தவிர வேறொன்றும் வராது. போனில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு ஓடிவிடுகிறதுகள் என்று குறைப்பட்டுக்கொண்டார். மூத்த பேத்தியின் பிறந்தநாளுக்கு ஒரு பாட்டுப் பாடி அனுப்ப வேண்டும், அதுதான் அவர் கேட்டது.

"நல்லா குதியாட்டமா இருக்கணும் சார். தாத்தா கெழம்னு நெனச்சிரக் கூடாது. என் குரலு அதுங்க காதுல நிக்கணும்."

அவர் கட்டைக் குரலுக்குத் தோதாக, கைதட்டிக்கொண்டே பாடுகிற பாட்டு ஒன்று என்னிடம் இருந்தது. அதை எடுக்கவில்லை. கல்லூரி மேடையில் ஒரு காலத்தில் நான் பாடிப் பேர் வாங்கிய ஆட்டப் பாட்டை எடுத்தேன். வார்த்தைகள் பட்டாசுச் சரம் மாதிரி வெடிக்கும். உதவி செய்கிறேன் பேர்வழி என்று, அதை மறுபடி ஒரு தடவை பாடிப் பார்க்க எனக்கு அரிப்பு. வேறென்ன?

மனிதர் ஒரு மாதம் படித்தார். வார்த்தைகளைத் தமிழில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கடற்கரையில் நடக்கும்போதெல்லாம் முணுமுணுத்தார்.

பதிவு செய்த அன்று வழக்கம்போல இரண்டாவது மைக்கை நான் வைத்துக்கொண்டேன். பாடுகிறவர் வரியைத் தவறவிட்டால் தாங்கிப் பிடிக்கத்தான் அது. இரண்டு தடவை எடுத்தோம். இரண்டு தடவையும் தாளம் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். எனக்கு எரிச்சலாக வந்தது. பாட்டைக் கெடுக்கிறாரே மனுஷன் என்று, மூன்றாம் தடவை ஆரம்பிக்குமுன் அவருடைய மைக்கின் குமிழை இறக்கினேன். கொஞ்சமாக இல்லை, முழுசாக. பாட்டு முழுக்க என் மைக்கில் நானே பாடினேன். ஸ்பீக்கர் இரைச்சலிலும் மற்றவர்கள் கைதட்டிய சத்தத்திலும் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், வியர்க்க வியர்க்கக் கடைசி வரி வரைக்கும் பாடினார். முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அந்தக் கை ஞாபகம் வந்தால் இப்போதும் கூசுகிறது. சொல்லவில்லை, பதிவை லண்டனுக்கு அனுப்பியும் கொடுத்தேன்.

அடுத்த இரண்டு சனிக்கிழமை அவர் வரவில்லை. மூன்றாம் வாரம் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். தாத்தா பிரமாதமாகப் பாடுகிறார் என்று பிள்ளைகள் குதிப்பதாக மகள் போனில் பூரித்த பிறகுதான், பதிவைக் காதில் வைத்துக் கேட்டாராம். அதில் அவர் குரலே இல்லை. முதலிலேயே கொடுத்திருக்க வேண்டிய அந்தக் கைதட்டல் பாட்டைத் திரையில் போட்டு, மைக்கை அவரிடம் நீட்டினேன்.

"வேணாம் சார். பிள்ளைங்க அதைத் தாத்தா குரலுன்னு வச்சிருக்குதுங்க. பெரியவ ஸ்கூல்ல கூடப் போட்டுக் காட்டுனாளாம். இப்ப நான் பாடுனா, யாரு இதுன்னு கேக்குங்க."

கோபித்துக்கொண்டு சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னார். அதோடு விடவில்லை. சின்னவனுக்கு அடுத்த மாதம் பிறந்தநாள், அவனும் தாத்தா பாட்டுத்தான் வேண்டும் என்கிறான், நீங்களே இன்னொன்று பாடிக் கொடுத்துவிடுங்கள் என்று தணிந்த குரலில் கேட்டுக்கொண்டார்.

போன மாதம் பாடிக் கொடுத்தேன். அவர் என் எதிரில் உட்கார்ந்து, தாளம் தப்பாமல் கைதட்டினார்.