கனமான பெயர்

ருமினியின் மகனுக்கு அவள் மாமனார் கர்யோ வைத்த பெயர் பிரபு ஜகத்நாதா. டெம்பே என்கிற சோயாக் கட்டி விற்றுப் பிழைக்கிற வீட்டில் ராஜா பெயர். ஒன்றரை வயதாகியும், கூப்பிட்டால் பிள்ளை திரும்பவில்லை.

குழந்தைகளை எடை போடும் நாளில் ஊர் நர்ஸ் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று தட்டைத் தட்டிப் பார்த்தாள்.

"காது கேக்கலம்மா. இப்பவே டவுனுக்குக் கூட்டிட்டுப் போ. மெஷின் வெச்சுப் பழக்குனா அம்மான்னு கூப்பிடுவான். நாள் கடத்தாத."

அந்த ஒரு சொல்லுக்காக ருமினி அன்றே கிளம்பியிருப்பாள். கர்யோ விட்டால்தானே!

"எங்க வம்சத்துல செவிடு கெடையாது. பேரு கனம், புள்ள தாங்கல."

எங்கள் ஜாவாவில் பிள்ளைக்கு எது வந்தாலும் பெயர்மீதுதான் முதல் சந்தேகம். சிவப்பும் வெள்ளையுமாகக் கஞ்சி காய்ச்சி, என்னையும் சேர்த்து அக்கம்பக்கத்தாரை உட்காரவைத்து, அதிர்ஷ்டக்காரன் என்று பொருள்படும் பேஜோ என்று லேசான பெயராக மாற்றினார்கள். கர்யோ மூங்கில் கட்டிலை ஓங்கி அறைந்து, "டேய் பேஜோ!" என்று கத்தினார். கட்டிலில் இருந்த பிள்ளை திரும்பினான். எல்லாரும் கைதட்டினார்கள்.

"கட்டில் அதிர்ந்தா பூனையும்தான் திரும்பும்" என்றேன்.

"வந்த எடத்துல வாய மூடிட்டுக் கஞ்சியக் குடி" என்றார் கர்யோ.

பாவி மனுஷன், அந்த ஒரு திரும்பலை வைத்தே இரண்டு வருடம் ஓட்டினார். பிறகு மறுபடி கஞ்சி, மறுபடி பெயர். இந்த முறை வலுயோ, நலமானவன். தெருப்பிள்ளைகள் வைத்ததுதான் நிலைத்தது: ஊமைக்கஞ்சி.

நர்ஸ் அதே சமயம் அனுப்பிய இன்னொரு பிள்ளை, கீழத்தெரு வெனிங். அவள் போனாள். இப்போது காதில் மெஷினும் ஓயாத வாயுமாகத் திரிகிறாள். ஒருநாள் டெம்பே வாங்க வந்தவள் ருமினியிடம் கேட்டாள்:

"அத்தை, இவனுக்கு ஏன் மெஷின் வாங்கித் தரல? இவன உங்களுக்குப் பிடிக்காதா?"

மறுநாளே ருமினி யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினாள். பையனுக்கு அப்போது ஏழு வயது.

டவுனில் காது கேளாதோர் பள்ளியில் மெஷினை மாட்டியதும் அலறினான். பிய்த்து எறிந்து, தடுத்த தாயின் கையைக் கடித்தான். அங்கிருந்த டீச்சர் பொறுமையானவள்தான், ஆனால் பொய் சொல்லத் தெரியாதவள்.

"பேச்சோ கைஜாடையோ, ஏதோ ஒண்ணு அப்பவே குடுத்திருக்கணும்மா. இப்ப சத்தம் கேக்கும். அதுல இருந்து பேச்சு வர்றது கஷ்டம். ஜாடை சொல்லித் தரலாம், அதுவும் மெதுவாத்தான் வரும். மொதல்ல அவன் பேரப் பழக்குவோம். என்ன பேரு?"

ருமினி கடிபட்ட கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீங்களே ஏதாவது வெச்சுக்குங்க டீச்சர். மூணு பேரு வெச்சோம். அவன் ஒண்ணையும் கேக்கல."