ஜிப்லாக் பையில் வந்த இலைகள்

எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஒரு கறிவேப்பிலைச் செடி இருக்கிறது. வசந்தம் வந்ததிலிருந்து மஞ்சளடித்துப்போய் நிற்கிறது. என் வீட்டுக்காரர் பசுபதி அதற்குத் தினமும் தண்ணீர் ஊற்றுகிறார். ஊற்றும்போது முகத்தை மட்டும் வேலிப்பக்கம் திருப்பிக்கொள்கிறார். இந்த மனிதர் கோயம்புத்தூரில் பி.எஸ்சி. விவசாயம் படித்து, சத்தியமங்கலத்தில் வேளாண்மை அதிகாரியாக மொபெட்டில் காடுதோட்டமெல்லாம் சுற்றியவர் என்று சொன்னால் இங்கே கலிஃபோர்னியாவில், லிவர்மோரில் புதிதாகக் குடிவந்தவர்கள் நம்புவதில்லை. கிரீன் கார்டு வந்ததும் எல்லாரையும் போல டெஸ்டிங் கோர்ஸ் படித்தார். இப்போது ஒரு கம்பெனியில் உட்கார்ந்து, மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் குற்றம் கண்டுபிடிக்கிறார். யாராவது மல்லி இலை சுருளுது என்று ஆரம்பித்தால், "நர்சரியில கேளுங்க" என்று எழுந்து போய்விடுகிறார். திமிர் என்று நினைக்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும். என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும்.

தொண்ணூற்றேழில் எனக்குத்தான் வேலை கிடைத்தது. என் விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு அவர் வந்தார். அந்த விசாவில் வேலை செய்தால் சட்டப்படி குற்றம், சும்மா இருந்தால் சொந்தக்காரர்கள் வாயில் குற்றம். நான் மலையேறி இறங்கி சான் ஹோசேவுக்கு டிரைவ் பண்ணிப் போய்விடுவேன். அவர் சமைப்பார், மகளை டேகேரில் விடுவார், துணி மடிப்பார். இரண்டே மாதத்தில் கூன் போட்டு நடக்க ஆரம்பித்தார். 

அவரை நிமிர்த்தியது ஞாயிற்றுக்கிழமைகள்தான். கோயிலில் சாப்பிடும் ஹாலில் யாரோ ஒருவருடைய கத்தரிச் செடிக்கு வைத்தியம் சொன்னார், அது பிழைத்துக்கொண்டது. அதிலிருந்து வாராவாரம் ஜிப்லாக் பையில் இலைகள் வர ஆரம்பித்தன. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். "அடி இலையா, நுனி இலையா? என்ன தண்ணி ஊத்தறீங்க? என்ன உரம் போடறீங்க?" இந்த மூன்று கேள்வியைக் கேட்கும்போது அவர் குரலே வேறு. "சாமி கும்பிட வர்றீங்களா, கிளினிக் நடத்த வர்றீங்களா?" என்று கிண்டல் செய்வேன். ஊரில் என்றால் இலையைப் பார்த்து ஒரு வார்த்தைகூடச் சொல்லமாட்டாராம். செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பாராம். இங்கே யார் வீட்டு வேரை யார் போய்ப் பார்ப்பது?

சாரதா அக்காவும் கிட்டுசாமி அண்ணாவும் எங்களுக்கு முன்னால் கால் நூற்றாண்டு இங்கே வாழ்ந்தவர்கள். பெருந்துறைப் பக்கம். அண்ணா பம்பு கம்பெனியில் இன்ஜினியர், சிட்டிசன். அக்காவுக்குக் கோயில் இல்லாமல் நாள் போகாது. அண்ணா கோயில் வாசல் மிதிக்கமாட்டார். பார்க்கிங் லாட்டில் காரிலேயே உட்கார்ந்து பேப்பர் படிப்பார். "உங்க சாமி வெளிய வந்தா ஹலோ சொல்றேன்" என்பார். தொண்ணூற்றெட்டு ஆரம்பத்தில் அவருக்கு வயிற்றில் கேன்சர் என்றார்கள்.

கீமோ ஆரம்பித்த பிறகு குடித்த தண்ணீரும் தங்கவில்லை. ஒருநாள் பக்கத்து நாற்காலியில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்த வெள்ளைக்காரர் ஒரு பிஸ்கட் கொடுத்தாராம். அன்று சாயங்காலம் அண்ணா இரண்டு இட்லி சாப்பிட்டு, சட்னி கேட்டாராம். அந்தச் சட்னியைச் சொல்லிவிட்டு அக்கா என் தோளில் விழுந்து அழுதார். பிஸ்கட்டில் இருந்தது கஞ்சா. கலிஃபோர்னியாவில் நோயாளிகளுக்கு அதை அனுமதித்து ஓட்டுப் போட்டிருந்தார்கள். டாக்டரும் எழுதிக் கொடுத்தார். ஆனால் மத்திய சட்டம் ஒத்துக்கொள்ளவில்லை, வாங்கப் போன இடத்தைப் பூட்டிவிட்டார்கள். அண்ணா யோசிக்கவே இல்லை. ஒயின் பீப்பாயைப் பாதியாக அறுத்து விற்பார்களே, அதில் மூன்று வாங்கி, வீட்டின் பக்கவாட்டில் பூட்டுப்போட்ட வேலிக்குப் பின்னால் மூன்று செடி வைத்தார். அக்டோபரில் பூ முற்றும். முற்றினால் அண்ணா சாப்பிடுவார். அந்த வீட்டில் அந்த வருஷம் வேறு பேச்சே கிடையாது.

ஆகஸ்டில், சாம்பார் சாதம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அக்கா ஒரு ஜிப்லாக் பையை என் வீட்டுக்காரர் கையில் திணித்தார். விரல் விரித்த மாதிரி ஒரே ஒரு இலை, முழுக்க மஞ்சள். பார்த்ததும் கஞ்சா என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. சட்டைப் பையில் போட்டுப் பொத்திக்கொண்டார். நான் சுற்றும்முற்றும் பார்த்தேன்.

"அடி இலைங்களா அக்கா?"

"ஆமாங் தம்பி, அடியிலதான் பறிச்சேன்."

"அப்ப விடுங்க. பூ வெக்கறப்ப செடி அடி இலையில இருக்கற சத்த உறிஞ்சி மேல பூவுக்குக் குடுக்கும். பழுத்து உதிரும். அது நோயில்லீங்க்கா."

காரில் ஏறியதும் நான் பிடித்துக்கொண்டேன். "ஏனுங்க, நம்ம கிரீன் கார்டு பேப்பர் உள்ள இருக்குது. கஞ்சாச் செடிப் பக்கம் உங்களை ஒருத்தன் பாத்தாலும் நாம மூணு பேரும் பொட்டி கட்டணும். அவங்க சிட்டிசன், நாம அப்படியில்ல. அந்த வீட்டு வேலிக்குள்ள கால் வெக்கக்கூடாது." அவர் தலையாட்டினார். இதைச் சொன்னதற்காக என்னைக் கல்நெஞ்சக்காரி என்பவர்கள் சொல்லட்டும். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

அடுத்த முறை அக்கா கொண்டுவந்தது நுனி இலை. நரம்பு மட்டும் பச்சை, நரம்புக்கு நடுவில் எல்லாம் வெளிறிக் கிடந்தது. பசுபதியின் முகம் மாறியது. இதுவும் சத்துக் குறைவுதான், ஆனால் வேறு சத்து. இரும்பு. இளசு இலையில் வந்தால் பூ திரளாது.

"என்ன உரம் போடறீங்க்கா?"

"ஒண்ணுமே போடறதில்லீங் தம்பி. வெறும் தண்ணிதான்."

இரும்புச் சத்துப் பொடி ஒன்றின் பெயரைச் சொன்னார். அக்கா வாங்கிக் கரைத்து ஊற்றினார். ஒன்றும் நடக்கவில்லை. மொட்டுக் கட்டிய இடத்தில் இலைகள் எலுமிச்சை நிறத்துக்குப் போயின. அண்ணா பாதியாக இளைத்திருந்தார். போனில் அக்கா, "ஒரு வாய் உங்கமாட்டேங்கறாரு தம்பி, செடியும் உங்கமாட்டேங்குது" என்றது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. மறுநாள் நான் ஆபீஸ் போன பிறகு, பசுபதி மகளை டேகேரில் விட்டுவிட்டு நேராக அந்த வேலிக்குள் போய்விட்டார்.

அங்கே நடந்ததை நான் இரண்டு பேர் வாயாலும் கேட்டிருக்கிறேன். பீப்பாயின் மேல் மரப்பட்டைத் துண்டுகள் பரப்பியிருந்தன. அதை விலக்கினார். கீழே மண் இல்லை. சாம்பல் நிறத்தில் அடைபோல இறுகிப்போய் ஏதோ இருந்தது. விரலால் தோண்டினார். கருகிய தேங்காய் ஓடு ஒரு சில்லு வந்தது. முகர்ந்து பார்த்தார். நெய் வாசம்.

அண்ணாவின் ஆயுளுக்காக அக்கா ஒவ்வொரு பிரதோஷத்துக்கும் வீட்டில் ஹோமம் செய்துவந்தார். கேரேஜில், புகை அலாரத்தின் பாட்டரியைக் கழற்றிவைத்துவிட்டு. ஐயர் போன பிறகு சாம்பலை என்ன செய்வது? குப்பை வண்டியில் போட முடியுமா? கால்படாத இடத்தில் அல்லவா சேர்க்க வேண்டும்? ஆற்றில் விடலாம் என்றால், கோடையில் வற்றிக் கிடக்கும் இந்த ஊர் ஆற்றில் நாயை நடத்திக் கூட்டிப்போகிறார்கள். பூட்டிய வேலிக்குப் பின்னால் யார் காலும் படாது. அதுவும் அவர் உயிரைப் பிடித்துவைக்கப்போகும் செடி. அண்ணா கண்ணில் படாமலிருக்க மேலே மரப்பட்டையைப் பரப்பிவிட்டார். உரம் என்ன போடுகிறீர்கள் என்று கேட்டபோது அக்கா பொய் சொல்லவில்லை. பிரசாதத்தை யாராவது உரம் என்பார்களா?

பசுபதிக்கு அந்த நிமிஷத்தில் சத்தியமங்கலம் திரும்பிவந்துவிட்டது. "கண்டுபுடிச்சுட்டேன்க்கா! இந்தச் சாம்பல்தான்! இதுதான் செடியக் கொல்லுது!" என்று கத்தினாராம். மண்ணில் இரும்பு இருக்கிறது, சாம்பல் சேர்ந்தால் வேரால் அதை எடுக்க முடியாது, இந்த ஊர்த் தண்ணீரே உப்பு, அதோடு இதுவும் என்றால் கேட்கவா வேண்டும் என்று, சிரித்துக்கொண்டே, கையை ஆட்டி ஆட்டி, காட்டுக்கார விவசாயிகளுக்குச் சொல்வதுபோல விளக்கினாராம். எதிரில் நிற்பவர் முகத்தை அவர் பார்க்கவில்லை.

படுக்கையறை ஜன்னல் திறந்திருந்தது. உள்ளேயிருந்து அண்ணா சிரித்தார். மாதக்கணக்கில் சிரிக்காத மனிதர், இருமல் வந்து அடைக்கும்வரை சிரித்தார். "பாத்தியா சாரதா? முப்பது வருசமாச் சொன்னேன், கேட்டியா? உன்ற சாமி என்ற சோத்துல மண்ணள்ளிப் போட்டிருக்குது!"

அக்கா உள்ளே போனார். அன்றைக்கே ஐயருக்குப் போன் செய்து இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். செப்புக் குண்டத்தைக் கழுவிக் கவிழ்த்துவைத்தார். வெள்ளிக்கிழமை கோயிலுக்கும் வரவில்லை.

பசுபதி தினமும் போனார். மேல் மண்ணை அள்ளி எறிந்து, புது மண் போட்டு, வினிகர் கலந்த தண்ணீர் விட்டார். நானும் சண்டை போட்டுப் பார்த்து ஓய்ந்துவிட்டேன். கொஞ்ச நாளில் நுனியில் பச்சை ஏறியது. மொட்டுகள் பருத்தன. பூவின் மேல் இருக்கும் வெள்ளை முடி பழுப்பாக மாறினால் பறிக்கலாம் என்று அவர் அண்ணாவுக்குச் சொல்லிவைத்திருந்தார். அண்ணா ஜன்னலில் இருந்தபடி, "என்ன ஆபீஸர், முடி நரைச்சுதா?" என்று கேட்பார். "இன்னும் கொஞ்ச நாளுங்ணா" என்பார் இவர். செடி நிமிர நிமிர இவரும் நிமிர்ந்தார். அதைப் பார்த்து எனக்குள்ளும் ஆசை வந்தது, மறைக்கவில்லை.

முடி பழுப்பாவதற்கு முன்னால் அண்ணா விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், திரும்பி வரவில்லை. கடைசிவரை ஒரு வாய் சாப்பிடவில்லை. வராந்தாவில் அக்கா என் வீட்டுக்காரரை நேராகப் பார்த்துச் சொன்னார்: "சாம்பல் போட்ட வரைக்கும் உசுரோட இருந்தாரு. நீ ஆகாதுன்னு அள்ளி எறிஞ்ச, நானும் ஹோமத்த நிறுத்துனேன். போயிட்டாரு." எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. வாயைத் திறக்கப் போனேன். பசுபதி என் கையைப் பிடித்து அழுத்தினார்.

காரியமெல்லாம் முடிந்து, டெக்சாஸிலிருந்து வந்திருந்த அவர்கள் மகன் கதிர், அண்ணாவின் சாம்பலை இரண்டாகப் பிரித்தான். ஒரு பங்கை பவானி கூடுதுறைக்கு எடுத்துப்போகிறேன் என்றான். மற்றதை அக்கா விடவில்லை. நாங்கள் அக்காவைப் பார்க்கப் போன அன்று, அந்தச் சின்னப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கவாட்டு வேலிக் கதவு திறந்து கிடந்தது. மூன்று செடியும் தளதளவென்று நின்றன. பூக்கள் பழுப்பேறியிருந்தன. பறிக்க ஆளில்லை.

"தம்பி" என்றார் அக்கா. "அவரு வெச்ச செடி. இத அதுக்குப் போடலாமா? இல்ல, இந்தச் சாம்பலும் ஆகாதா?"

கிண்டல் இல்லை, கோபம்கூட இல்லை. வைத்தியரிடம் கேட்பதுபோலத்தான் கேட்டார். பசுபதி பெட்டியைப் பார்த்தார், செடியைப் பார்த்தார்.

"போடுங்க்கா. நல்லா ஆகும்."

"ஒண்ணும் பண்ணாதே?"

"ஒண்ணும் பண்ணாதுங்க்கா. இன்னும் நல்லா வரும்."

அக்கா எழுந்து போய், இரண்டு கையாலும் அள்ளி வேரைச் சுற்றிப் போட்டார். பசுபதியே பைப்பை எடுத்துத் தண்ணீர் விட்டார். நாங்கள் கிளம்பும்போது அக்கா, எத்தனையோ நாளைக்குப் பிறகு, என் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டார்.

திரும்பும்போது பசுபதிதான் காரை ஓட்டினார். சிக்னலில் நின்றபோது என் பக்கம் திரும்பி, "உப்பு, செல்வி" என்றார். "அந்தச் சாம்பல்ல வேற ஒண்ணுமே இல்ல. செடி மூணும் ஒரு வாரத்துல கருகிடும்."