கழுவி வைத்த வண்டி

உப்புவெளிக் கடற்கரையில் மீனவர் ஒருவர், தன் படகைக் கரைக்கு இழுக்கும் இரும்பு வண்டி உடைந்துவிட்டது, ஒட்டித் தரவேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். வெல்டிங் மெஷினோடு போய் இறங்கினால் வண்டியும் சுற்றியிருந்த மணலும் சொட்டச் சொட்ட நனைந்து கிடக்கின்றன.

"நீங்கள் இருந்து வேலை செய்யவேணும் எண்டு கடல் தண்ணி அள்ளி நல்லாக் கழுவி வைச்சனான்," என்றார், விருந்தாளிக்கு வாசல் கூட்டி வைத்தவரைப்போல.

எனக்குச் சினம் ஏறியது. உப்புத்தண்ணீர் ஊறிய மணலில் குந்தியிருந்து ஈரக் கையால் வெல்டிங் கம்பியை மாற்றினால், கரண்டுக்கு என் உடம்பும் ஒரு வழிதான்.

"ஈரத்தில ஏலாது அண்ணை."

"மற்ற ஆக்கள் ஒட்டுறவைதானே?"

"அப்ப அவையளைக் கூப்பிடுங்கோ."

அவர் கூப்பிடவில்லை. இரண்டு பேருமாக வண்டியைக் காய்ந்த மணலுக்கு இழுத்துத் துடைத்து, வெயிலில் காயவிட்டோம். அவரிடம் காய்ந்த பலகை ஒன்றை வாங்கிக் காலடியில் போட்டேன். சப்பாத்து, காய்ந்த கையுறை, முகமூடி எல்லாம் மாட்டி, வேடிக்கை பார்த்தவர்களை அந்தப் பக்கம் திரும்பச் சொல்லிவிட்டுத்தான் கம்பியை வைத்தேன். அந்த ஒட்டு இன்றுவரை விடவில்லை.

போன மாதம் வண்டியின் மற்றப் பக்கம் உடைந்து மறுபடியும் கூப்பிட்டார். இரும்பெல்லாம் மீன்செதில் காய்ந்து ஒட்டி நாறியது. பக்கத்தில் பலகை தயாராகக் கிடந்தது. செதிலைச் சுரண்டாமல் ஒட்டுப் பிடிக்காது; சுரண்டவே எனக்கு நல்ல வேலை இருந்தது.

அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "உங்களுக்காகத்தான் கழுவாமல் வைச்சனான்."