காரணம் எழுதிய சீட்டுகள்

இரண்டு சீட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இடது சீட்டை ஒரு நொடி பார்க்கிறார், வலது சீட்டை ஒரு நொடி பார்க்கிறார். இடம் மாற்றி வைத்து மறுபடியும் பார்க்கிறார். உதடு மட்டும் அசைகிறது. "முன்னாடியா… இப்பவா?"

கண் பரிசோதனை அறைக்கு வருகிறவர்களிடம் அவர் நாளெல்லாம் கேட்கிற கேள்வி அது. ஒரு லென்ஸைப் போட்டு எடுத்துவிட்டு, இன்னொன்றைப் போட்டு, "முன்னாடி தெளிவா இருந்துச்சா, இப்பவா?" என்பார். அவசரப்படுத்தமாட்டார். பதில் தெரியாமல் விழிக்கிறவர்களுக்கு, "தப்பாச் சொன்னா மார்க் கொறைக்கமாட்டேன், சும்மா சொல்லுங்க" என்று மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். எங்கள் கண்ணாடிக் கடையில் அவருக்குப் பெயரே 'முன்னாடியா சார்' என்றாகிவிட்டது. பின்னறையில் லென்ஸ் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துகிறவன் நான். நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். ஆறு வருடமாக அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே வேலை செய்கிறேன்.

சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் மட்டும் அதே கேள்வியைத் தன் பங்குகளிடம் கேட்கிறார். அன்று பங்குச் சந்தைக்கு விடுமுறை. "சந்தை ஓடும்போது முடிவெடுக்கக் கூடாது தம்பி. ஓடுற பஸ்ஸுல நின்னுக்கிட்டு ஊசில நூல் கோக்கற மாதிரி" என்பார்.

சீட்டுகள் என்பவை கண்ணாடி அளவு எழுதித் தரும் தாள்களின் பின்பக்கம். கம்பெனிக்கு ஒன்றாகப் பதினோரு சீட்டுகள், கீல் உடைந்த ஒரு பழைய கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கின்றன. அவற்றில் விலை இல்லை, எண்ணிக்கை இல்லை. ஏன் வாங்கினார் என்று ஒரே ஒரு வரி. பற்பசைக் கம்பெனியின் சீட்டில், 'பல் விளக்காம எவனும் வெளிய வரமாட்டான்.' பெயின்ட் கம்பெனிக்கு, 'எதிர்வீட்டுக்காரன் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ சுவத்துக்கு கலர் மாத்தறான்.' ஒரு வங்கிக்கு, 'மேனேஜர் எந்திரிச்சு நின்னு பேசினார்.' அந்த வங்கியை அவர் விற்ற அன்று, ஏன் என்று கேட்டேன். "மேனேஜர் மாறிட்டார் தம்பி. புது ஆள் உக்காந்துக்கிட்டே பேசறார்." சிரிக்காமல்தான் சொன்னார்.

முதலாளி வேறு ஜாதி ஆட்டக்காரர். காலையில் வாங்கி மாலையில் விற்று, நடுவில் தலைவலி மாத்திரை போட்டுக்கொள்பவர். சனிக்கிழமை தோறும் தடுப்புக்கு மேலே தலையை நீட்டுவார்.

"என்ன சார், சீட்டெடுத்தாச்சா? எனக்கு என்ன வந்திருக்கு?"

"உங்களுக்கு பவர் ஏறியிருக்கு முதலாளி. போனைப் பாக்கறதக் கொறைங்க."

சாருக்கு இரண்டே விதிகள். "வெல விழுந்ததுன்னு விக்கக் கூடாது, ஏறிடுச்சுன்னும் விக்கக் கூடாது. எதுக்கு வாங்கினமோ அந்தக் காரணம் போயிடுச்சா, அன்னிக்கே வித்துடணும். ஒரு நாள் தள்ளக் கூடாது." இது முதல் விதி. எந்த ஒரு கம்பெனியும் மொத்தத்தில் கால்வாசிக்கு மேல் வளர்ந்துவிட்டால் கொஞ்சம் வெட்டிக் குறைக்க வேண்டும் என்பது இரண்டாவது. "எல்லா பவரையும் ஒரே கண்ணுல ஏத்தினா தலை சுத்தும்ல?" இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு, வருகிற சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இருபது வருடம் சேர்த்தவர்.

பதினோராவது சீட்டு எப்போதும் அடியில் கிடக்கும். வேறெந்தச் சீட்டோடும் அது ஜோடி சேர்ந்து நான் பார்த்ததில்லை. அவருடைய இரண்டு விதிகளின்படியும் அது என்றைக்கோ போயிருக்க வேண்டும். மற்ற பத்தும் சேர்ந்து ஒரு பக்கம் என்றால் அது தனியாக மறுபக்கம் நிற்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டது. அதில் எழுதியிருப்பது இது: 'பையன் அங்க வேலை பாக்கறான். மெஷினெல்லாம் சுத்தமா வெச்சிருக்காங்கன்னு சொல்றான்.'

இரும்புக் குழாய் செய்கிற கம்பெனி. மகன் அங்கே ஃபிட்டர். வேலைக்குச் சேர்ந்த மாதமே வாங்கத் தொடங்கி, அறுநூற்று நாற்பது பங்குகள் சேர்த்திருந்தார். விபத்து நடந்து மூன்று வருடம் ஆகப்போகிறது. அவசர ஆர்டர் ஒன்றுக்காகப் பாதுகாப்பு மூடியைக் கழற்றிவைத்துவிட்டு ஓட்டிய மெஷின், மகனின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டது. அந்த ஆர்டர் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததாம். அதற்குப் பிறகு பங்கின் விலை நாலு மடங்காகிவிட்டது.

சாருடைய மனைவி அதற்கு வெகுநாள் முன்பே போய்விட்டார். இப்போது வீட்டில் அவரும் மருமகளும் பேத்தியும்தான்.

காரணம் போயும் ஏன் விற்கவில்லை என்று கேட்கிற வாய் எனக்கு இல்லை. அவரே ஒருநாள் காட்டினார். மகன் போன அடுத்த வருடம், பங்குதாரர்களுக்குக் கம்பெனி அனுப்பும் ஆண்டறிக்கை தபாலில் வந்திருந்தது. எல்லோருக்கும் மின்னஞ்சலில் போகிறது; இவர் தனியாகக் கடிதம் எழுதி, அச்சுப் புத்தகம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்குகிறார். பளபளப்பான தாள். என்னைக் கூப்பிட்டு ஒரு பக்கத்தைப் பிரித்தார்.

"பாரு தம்பி. இதுல என் பையன் இருக்கான்."

நான் புகைப்படத்தைத் தேடினேன். அந்தப் பக்கத்தில் படமே இல்லை. பொடி எழுத்தில் ஒரு அட்டவணை. இந்த ஆண்டுக்கு ஒரு கட்டம், சென்ற ஆண்டுக்கு ஒரு கட்டம். 'பணியிடத்தில் உயிரிழப்பு' என்ற வரிக்கு நேராக, இந்த ஆண்டு: 1. அதன் அடியில் அவருடைய நகம் இருந்தது. அந்த எண்ணின் உயரம் ஒரு அரிசியளவுகூட இல்லை. பார்வைச் சோதனை அட்டையின் கடைசி வரியைவிடச் சின்னது.

"பேர் போடமாட்டாங்க. ஆனா அச்சடிச்சு ஒத்துக்கிட்டிருக்காங்கல்ல?" என்றார். "பங்கு இருக்கறவனுக்குத்தான் இந்தப் புத்தகம் வீட்டுக்கு வரும்."

போன வருடப் புத்தகத்தில் அந்த ஒன்று பக்கத்துக் கட்டத்தில் இருந்தது. "தள்ளி உக்காந்திருக்கான்" என்றார்.

இந்த வருடப் புத்தகம் போன சனிக்கிழமை வந்தது. மருமகளே உறையோடு கொண்டுவந்தார். குழந்தை முன்கடைக் கண்ணாடி முன்னால் நின்று, லென்ஸ் இல்லாத பெரிய ஃப்ரேம் ஒன்றைப் போட்டுக்கொண்டு முதலாளியை மிரட்டிக்கொண்டிருந்தது. தடுப்புக்கு அந்தப்பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"உக்காரும்மா."

"இல்ல மாமா, கெளம்பணும். இது வந்திருக்கு. நான் பிரிக்கல."

"சரிம்மா."

"மாமா, நேத்து டிவில அந்தக் கம்பெனி புது உயரம் தொட்டுடுச்சுன்னு ஒருத்தர் சிரிச்சுக்கிட்டே சொன்னார். பாப்பா, 'அப்பா கம்பெனி, அப்பா கம்பெனி'ன்னு கைதட்டினா."

சார் உறையை மேசை மேல் வைக்கிற சத்தம் கேட்டது.

"அதுல வர்ற டிவிடெண்டுல நீங்க பாப்பாவுக்கு எதுவும் வாங்கறதில்லன்னு எனக்குத் தெரியும். ஆனா அது ஏறினா நம்ம வீட்டுக்கு நல்லதுன்னு ஆயிடுதுல்ல? அந்த வீட்டுல எனக்கு மூச்சு முட்டுது மாமா. வித்துடுங்க. இல்லன்னா நான் பாப்பாவக் கூட்டிக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிடறேன்."

"அம்மா…"

"மிரட்டறேன்னு நெனைக்காதீங்க. நெசமாவே முடியல."

மருமகள் குழந்தையைக் கூட்டிக்கொண்டு கிளம்பிப் போனார். பிறகு உறை கிழிகிற ஓசை. பக்கங்கள் வேகமாகப் புரண்டு ஓரிடத்தில் நின்றன. தேய்த்து முடித்த லென்ஸைக் கொடுக்கிற சாக்கில் உள்ளே போனேன். பூதக்கண்ணாடியை அட்டவணை மேல் வைத்திருந்தார். இந்த ஆண்டு: 0. சென்ற ஆண்டு: 0.

"ரெண்டு வருஷத்துக்குத்தான் எடம் போலிருக்கு" என்றார்.

அன்றைக்குச் சீட்டுகளை அவர் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை சந்தை திறந்து அரை மணி நேரம் இருக்கும். சோதனை அறையிலிருந்து குரல் வந்தது. "தம்பி, இங்க வா. இன்னொரு கண்ணு வேணும்."

ஊரார் கண்ணையெல்லாம் பார்த்துச் சொல்கிறவர் என்னிடம் போனை நீட்டினார். பதினோராவது சீட்டு மேசை மேல் தனியாகக் கிடந்தது. திரையில் குழாய்க் கம்பெனியின் பெயர். கையிருப்பு 640. விற்க வேண்டியது என்ற இடத்தில் அவர் தட்டியிருந்த எண்ணை உரக்கப் படித்தேன்.

"அறுநூத்தி முப்பத்தொம்போது. ஒண்ணு விட்டுப்போச்சு சார்."

"விட்டுப்போகல. வேற தப்பு இருக்கா பாரு."

"இல்ல சார்."

கட்டைவிரலை ஒருமுறை கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, உறுதி என்ற இடத்தைத் தொட்டார். ஐந்து வினாடிகூட ஆகவில்லை. விற்றாகிவிட்டது என்று பச்சை எழுத்தில் வந்தது. பையன் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலிருந்து வாங்கியதெல்லாம், ஒன்றைத் தவிர, அதில் போயிற்று. அதே போனில் மருமகளைக் கூப்பிட்டார். சாருக்குக் காது கொஞ்சம் மந்தம், ஒலிபெருக்கியில்தான் பேசுவார். நான் வெளியே போகத் திரும்பினேன். இரு என்று கையைக் காட்டினார்.

"வித்துட்டேன்மா."

"எல்லாத்தையுமா மாமா?"

"ஒண்ணே ஒண்ணு வெச்சிருக்கேன். பணமா ஒண்ணும் பெருசு இல்ல, ஏறினாலும் எறங்கினாலும் நமக்கு ஒண்ணுதான். புத்தகம் வரணும்ல… அதுக்கு மேல கொறைக்க முடியலம்மா."

அந்தப்பக்கம் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. யாரோ குழாயை மூடினார்கள். சார் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சாயங்காலம் வரும்போது பாப்பாவுக்குப் பென்சில் வாங்கிட்டு வாங்க மாமா" என்றார் மருமகள். "ரப்பர் வெச்சது."

"சரிம்மா. சரி. சரி."

வெளியே ஒரு பெரியவர் கண் பரிசோதனைக்கு வந்து காத்திருந்தார். "ரெண்டு நிமிஷம் உக்காரச் சொல்லு" என்றார் சார். இழுப்பறையிலிருந்து இந்த வருட ஆண்டறிக்கையை எடுத்து அந்தப் பக்கத்தைப் பிரித்தார். கண்மணிகளுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி என்று அளக்கிற சின்ன அளவுகோல் ஒன்று அவர் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். அதை அட்டவணையின் வலது ஓரத்தில் வைத்து, லென்ஸில் புள்ளியிடும் பேனாவால், அச்சுக் கோட்டோடு சரியாகப் பொருந்தும்படி, மேலிருந்து கீழே மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டார். தலைப்பில் மகன் இறந்த ஆண்டை எழுதினார். பிறகு பூதக்கண்ணாடியைக் கிட்டே இழுத்து வைத்துக்கொண்டு, உயிரிழப்பு என்ற வரிக்கு நேரே, அச்சு எழுத்தின் அதே அளவில், 1 என்று எழுதினார். மை காயும் வரை அதன் மேல் ஊதிக்கொண்டிருந்தார்.