தண்ணீர் கொடுக்கக் கூடாத தம்பி

புதிதாய் முளைத்த இரண்டு கீழ்ப்பற்களால் பால் புகட்டும் பாலாடையின் மூக்கைத் தம்பி கடிக்கும்போது எழும் ‘கிடுக்’ என்ற சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அது கூடத்துக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் அவனுக்குத் தண்ணீர் புகட்டுவேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. திருமானூரில் எங்கள் வீட்டில் அவன் ஒருவனுக்கு மட்டும் தண்ணீர் தடை.

பிறந்த சில மாதங்களிலேயே அவன் தலை உடம்பை மிஞ்சி வளர்ந்து, உச்சிக்குழி பொம்மென்று எழும்பி நின்றது. அரியலூரில் காட்டியபோது, தலையில் நீர் கோத்திருக்கிறது, உடனே தஞ்சாவூருக்குக் கொண்டுபோங்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டு அலமாரிக்குள் போனது. பெரியம்மா வைத்தியத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“குடிக்கிற தண்ணிதான் மேல ஏறுது. பொட்டுத் தண்ணி குடுக்காதீங்க, தானா வத்திடும்.”

வற்றுவதற்கு அது என்ன குட்டையா? ஆனால் யார் கேட்டார்கள்? தலைக்கு ஊற்றுவது நின்றது, பாலைச் சுண்டக் காய்ச்சினார்கள், நெற்றியில் ‘சுக்குப் பத்து’ காய்ந்து உதிர்ந்தது. அப்பா, “இந்த அறுப்பு முடியட்டும், தஞ்சாவூர் போவோம்” என்றார். கத்தரி வெயிலில் உதடு வெடித்து அவன் அழ, எனக்குப் பொறுக்கவில்லை.

ஒருநாள் காலையில் அவன் கருவிழி இரண்டும் கீழே இறங்கிவிட்டன, பாலெல்லாம் வாந்தி. நான்தான் தம்பியைக் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். பஸ்ஸில் தஞ்சாவூர் போகும் வரை வாயைத் திறக்கவில்லை. டாக்டரம்மாவைப் பார்த்ததும் எல்லார் முன்னாலும் உளறிவிட்டேன்.

“நீ குடுத்த தண்ணி தலைக்குப் போகாது பாப்பா. இது மூளைக்குள்ளயே ஊறுற தண்ணி. உனக்கும் இருக்கு, எனக்கும் இருக்கு. மூளை அடிபடாம மெதக்கணும்ல? தினமும் ஊறும், தினமும் வடியும். இவனுக்கு வடியிற வழி அடைச்சிருக்கு, அவ்வளவுதான்” என்றார். பிறகு அப்பாவிடம், “முன்னாடியே வந்திருக்கலாமே சார்” என்றார்.

அப்பா தலையைத் தொங்கப்போட்டார். வயலில் வடிகால் அடைத்தால் சாப்பாட்டைப் பாதியில் விட்டு மண்வெட்டியோடு ஓடுகிற மனிதர் அவர். பெற்ற பிள்ளைக்கு மூன்று மாதம் காத்திருந்தார். இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தலையிலிருந்து தோலுக்கடியிலேயே வயிறு வரை ஒரு குழாய் வைத்தார்கள். தம்பி பிழைத்தான். ஆனால் அதற்குள் மங்கிப்போயிருந்த பார்வை முழுதாய்த் திரும்பவில்லை.

பெரியம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். பாலாடை எந்தப் பரணில் கிடக்கிறதோ தெரியவில்லை. தம்பியின் காதுக்குப் பின்னால் தொட்டால் அந்தக் குழாய் இன்னும் விரலில் தட்டுப்படும். குடிக்கிற தண்ணீர் தலைக்குப் போகாது என்று இத்தனை வருடம் சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்கிறது; சாப்பிட உட்கார்ந்தால் அம்மா எங்களுக்கெல்லாம் டம்ளர் நிறைய ஊற்றுகிறார், அவனுக்கு மட்டும் பாதி. அவன் குடித்து முடித்ததும், தடவிப் பார்த்து, டம்ளரை என் பக்கம் நீட்டுகிறான்.