மகாலட்சுமி சாப்பிடப் போன இடம்

அல்போன்சாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. புத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். நரம்பே தெரியாத கையிலும் ஒரே குத்தில் ரத்தம் எடுத்துவிடுவாள் என்று பேர். கணவர் இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. மகன் பிரதீப் சென்னையில் இருக்கிறான்; ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரம் பார்த்துப் போன் செய்வான். மற்ற ஆறு நாளும் அவள் எதிர்பார்த்திருந்தது மதியம் ஒன்றரை மணியைத்தான்.

பில்லிங் கவுண்டரில் இருக்கும் மகாலட்சுமி திருவானைக்காவலிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். எக்ஸ்ரே அறைக்குப் பின்னால் உள்ள ஸ்டாஃப் ரூமில் இருவரும் பதினான்கு வருஷமாக ஒன்றாகச் சாப்பிட்டார்கள். மகாலட்சுமி வீட்டில் சுத்த சைவம். அல்போன்சா மீன் குழம்பு கொண்டுவரும் நாளில் மட்டும் தன் தயிர்சாதத்தை மூடி வைத்துவிட்டு அவள் டப்பாவில் கை வைப்பாள். "எங்க வீட்டுக்காரர் காதுல விழுந்தா, உன்னையும் சேர்த்துத் திட்டுவார்" என்று சிரிப்பாள்.

போன ஆடியில் பிசியோதெரபிக்கு இன்ஷா வந்து சேர்ந்தாள். இருபத்தேழு வயது, கலகலவென்று பேசுகிற பெண். அப்போதுதான் அடுத்த தெருவில் ஒரு தாய்லாந்து சாப்பாட்டுக் கடை திறந்திருந்தது. நாலே மேசை. பாங்காக்கில் பதினோரு வருஷம் ஓட்டலில் சமைத்துவிட்டுத் திரும்பிய வையம்பட்டிக்காரர் பீமராவ் உள்ளே சமைப்பார், அவர் மனைவி பரிமாறுவார். ஒரு செவ்வாய்க்கிழமை இன்ஷா மகாலட்சுமியை அங்கே கூப்பிட்டாள். அல்போன்சாவையும்தான் கூப்பிட்டாள்.

"லேப்ல ஆள் இல்ல. நீங்க போயிட்டு வாங்க" என்றாள் அல்போன்சா. லேபில் ஆள் இருந்தது.

மகாலட்சுமி முகமெல்லாம் பூரிப்பாகத் திரும்பி வந்தாள். "தேங்காப்பால்ல பச்சையா ஒரு குழம்புடி. எலுமிச்சை மாதிரி ஒரு வாசனை, ஆனா எலுமிச்சை இல்ல."

"பச்சையா இருந்தா என்ன? குளத்துப் பாசியும்தான் பச்சையா இருக்கு."

மகாலட்சுமி அதற்கும் சிரித்தாள். சற்று நேரத்தில் பிசியோ அறைப் பக்கம் இரண்டு பேர் சிரிக்கும் சத்தம் கேட்டது. தான் சொன்னதைத்தான் அங்கே போய்ச் சொல்லியிருக்கிறாள் என்று அல்போன்சாவுக்குப் புரிந்தது.

செவ்வாய் மட்டும் என்றிருந்தது, வாரத்தில் மூன்று நாள் ஆயிற்று. ஒரு வியாழக்கிழமை அல்போன்சா விடியற்காலையில் மார்க்கெட்டுக்குப் போய் விரால் வாங்கி வந்து, மாங்காய் போட்டுக் குழம்பு வைத்துக் கொண்டுவந்தாள். மகாலட்சுமி டப்பாவைத் திறந்து பார்த்தாள். "ஐயோ, இன்ஷாகிட்ட வரேன்னு சொல்லிட்டேனே. நாளைக்குச் சூடு பண்ணிக் கொண்டு வாடி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அல்போன்சா தனியாக உட்கார்ந்து இரண்டு வாய் சாப்பிட்டாள். மூன்றாவது வாய் எடுக்காமல் டப்பாவை மூடினாள்.

அன்று சாயங்காலம் மேனேஜர் அன்புச்செல்வன் ஒரு ரிப்போர்ட் கேட்டு லேபுக்கு வந்தார். அவர் திரும்பும்போது, ஏதோ நினைவு வந்தவள்போல அல்போன்சா சொன்னாள்: "பிசியோவுல பேஷன்ட் காத்துக்கிட்டே இருக்காங்க சார். அந்தப் பொண்ணு சாப்பிடப் போனா ஒரு மணி நேரம் ஆகுது."

மகாலட்சுமி பெயரை அவள் எடுக்கவேயில்லை. ஆனால் மறுநாள் அன்புச்செல்வன் இன்ஷாவோடு மகாலட்சுமியையும் கேட்டார். அதுவும் பில் கட்ட நின்ற கூட்டத்துக்கு முன்னால். "சின்னப் பொண்ணுக்குத்தான் தெரியல. பதினாறு வருஷ சர்வீஸ்ல உங்களுக்குமா தெரியாது?" மகாலட்சுமி குனிந்த தலை நிமிராமல் பில் போட்டாள். அல்போன்சா கையில் ரத்தம் எடுத்த ட்யூபோடு லேப் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள்.

அன்று மதியம் மகாலட்சுமி ஸ்டாஃப் ரூமுக்கு வந்து அவளோடுதான் சாப்பிட்டாள். அல்போன்சா ஆசைப்பட்டது அதுதான். கிடைத்தது. மகாலட்சுமி பத்தே நிமிஷத்தில் டப்பாவை மூடிவிட்டு எழுந்து போனாள்.

சனிக்கிழமை மூவருக்கும் ஒரு மணிக்கே டூட்டி முடிந்தது. "இன்னைக்கு யாரும் நம்மளக் கேக்க முடியாது. அல்போன்சாக்கா, நீங்களும் வரணும்" என்று இன்ஷா கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

பச்சைக் குழம்பு நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்ததே அல்போன்சாவுக்கு எரிச்சலாக இருந்தது. பேசிக்கொண்டே இன்ஷா மகாலட்சுமியின் தட்டிலிருந்து மிளகாய்த் துண்டுகளைப் பொறுக்கித் தன் தட்டில் போட்டாள். மகாலட்சுமிக்கு வயிற்றுப்புண். ஆஸ்பத்திரியில் அது தனக்கு மட்டுமே தெரியும் என்று அல்போன்சா நினைத்திருந்தாள்.

"போட்டுக் கொடுத்தது ரிசப்ஷன் அனுசுயாதான்" என்றாள் இன்ஷா. "திங்கட்கிழமை நேரா போய்க் கேக்கப் போறேன்."

அல்போன்சா கையில் இருந்த ஸ்பூனைக் கீழே வைத்தாள். "அவ இல்ல. நான்தான் சொன்னேன்."

மகாலட்சுமி அவளையே பார்த்தாள். "ஏன்டி?"

"நீ என்கூட சாப்பிட வரல."

ஐம்பத்திரண்டு வயதில் தன் வாயிலிருந்து அப்படி வந்தது அவளுக்கே கூச்சமாக இருந்தது. மகாலட்சுமி பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

இன்ஷாவும் எழுந்துவிடுவாள் என்றுதான் அல்போன்சா நினைத்தாள். அவள் எழவில்லை. அந்த நேரம் பார்த்து பீமராவின் மனைவி நண்டுச் சோறு கொண்டுவந்து வைத்தார்.

"எனக்கும் கோவம்தான்" என்றாள் இன்ஷா. "ஆனா உங்களுக்கு நண்டு பிடிக்கும்னு மகாக்கா சொல்லித்தான் இதை ஆர்டர் பண்ணேன். ஆறிடும், சாப்பிடுங்க."

இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து நண்டுச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தார்கள்.

திங்கட்கிழமை அல்போன்சா மேனேஜரிடம் போய், மகாலட்சுமி பேரில் ஒரு தப்பும் இல்லை, தான் கோபத்தில் சொன்னது என்றாள். அவர் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, இனி யாராக இருந்தாலும் சாப்பாட்டுக்கு முப்பது நிமிஷம்தான் என்றார். மகாலட்சுமி மூன்று வாரம் பேசவில்லை. நாலாவது வாரம் ஸ்டாஃப் ரூமுக்கு வந்து, பழைய நாற்காலியில் உட்காராமல் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, "உப்பு இருக்கா?" என்று கேட்டாள்.

இப்போது செவ்வாய்க்கிழமை மட்டும் அவள் இன்ஷாவோடு போகிறாள். முப்பது நிமிஷத்துக்குள் ஓட்டமும் நடையுமாகத் திரும்பிவிடுகிறார்கள். அல்போன்சாவையும் கூப்பிடுகிறார்கள், சில வாரம் போகிறாள். போகாத செவ்வாயில், அவர்கள் கேட்டைத் தாண்டும்போது அவளுக்கு இன்னும் எரிச்சல் வரத்தான் செய்கிறது. அதை அவள் இப்போது யாரிடமும் சொல்வதில்லை. வார்டுக்கு எழுந்து போய் அடுத்த நோயாளியின் கையில் நரம்பைத் தேடுகிறாள்.