கழுத்து தொளதொள

பெருமாநல்லூர் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவருக்கு முறுக்கு மீசை. போனில் ஒற்றை விரலால் தட்டுவதையெல்லாம் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார். தட்டியது ஒரு பனியனுக்கான ரிவ்யூ.

"துணி அருமை. சாயம் போகலை. துவைச்சதும் கழுத்து தொளதொளன்னு ஆயிருச்சு."

படத்தைப் பார்த்தேன். நாங்கள் ஆன்லைனில் விற்கும் பனியனேதான்.

"ஏனுங்க, அந்தக் கழுத்தை மட்டும் விட்டுரலாமுங்களா? அதைத் தைக்கிறதே நாங்கதானுங்க" என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் சீட்டே குலுங்கியது. எனக்கும் தொற்றிக்கொண்டது.

"கழுத்தை விட்டுட்டா, துணி அருமைங்கறதையும் ஆரும் நம்பமாட்டாங்க கண்ணு" என்றவர், ஒரு வரி சேர்த்தார்: "தைக்கிறவரை பஸ்ஸில் பார்த்தேன். சரி பண்ணினால் மறுபடி வாங்கிப் பார்த்துச் சொல்கிறேன்."

கழுத்துப் பட்டியை மாற்றினோம். சொன்னபடியே வாங்கி எழுதினார்: "கழுத்து கச்சிதம். கைதான் கொஞ்சம் நீளம்."

எங்கள் தையல் யூனிட்டே சிரித்தது. பேர்கூட நான் கேட்டுக்கொள்ளாத அந்த மனிதர்மேல் எனக்குக் கொள்ளைப் பிரியம்.